இரண்டு ஏலாதிகள்: முகப்பரு மருத்துவத்தின் வரலாறு, எல்லையோரத்திலிருந்து ஒரு பார்வை

நம் சங்க மலருக்கு இந்த ஆண்டும் சிதறால் மலையின் சமணப் படுகைகளைப் பற்றித்தான் எழுதித் தருவேன் என்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். மூன்று மலர்களில் அதையே எழுதியாகிவிட்டது. படிப்பவர்களுக்கும் அலுத்திருக்கும், உண்மையைச் சொன்னால் எழுதிய எனக்கும் கொஞ்சம் அலுத்துவிட்டது. இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் முகப்பரு. சிரிக்க வேண்டாம். நீராடாமையையே ஒரு விரதமாகக் கொண்ட திகம்பர முனிவர்களின் மரபில் வந்தவன் முகம் கழுவுவது பற்றி எழுதலாமா என்று என் மனைவியே கேட்டுவிட்டாள். முனிவர்க்குச் சொன்னது இல்லறத்தார்க்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

குன்னத்துகாலில் நான் நாட்டு மருந்துச் சாமான் கடை போட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1982-இல் வந்தவன். நான் எல்லையைக் கடந்து இங்கு வந்தேன்; இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களோ வீட்டைவிட்டு ஓரடிகூட நகராமலே வெளிமாநிலத் தமிழர் ஆனவர்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம் முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு போயின, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு குன்னத்துகாலுக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. இந்தப் பக்கம் பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை. அந்தப் பக்கம் பளுகல், களியக்காவிளை. வைத்தியத்துக்கு மட்டும் அந்தக் கோடு என்றைக்கும் இருந்ததில்லை. சித்த வைத்தியர் சீட்டும் ஆயுர்வேத வைத்தியர் சீட்டும் ஒரே நாளில் என் கடைக்கு வரும்.

அப்படித்தான் ஒரு நாள் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்து "அண்ணாச்சி, ஏலாதி இருக்கா?" என்று கேட்டார்கள். முதலில் வந்த பெரியவருக்கு வேண்டியது பசி எடுக்கவும் சளி அறுக்கவும் உள்ளே சாப்பிடும் சூரணம். பின்னால் வந்த பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு வேண்டியது முகக்குருவுக்கு மேலே பூசும் பொடி. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. மாற்றிக் கொடுத்திருந்தால் பெரியவர் வாசனைப் பொடியைத் தின்றிருப்பார். அந்தப் பெண் சுக்கையும் மிளகையும் கன்னத்தில் அப்பிக்கொண்டு அலறியிருப்பாள்.

தமிழ் ஏலாதியை நம்மில் பலர் பள்ளியில் பெயரளவில் படித்திருப்போம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களில் ஒன்று. எழுதியவர் கணிமேதாவியார் என்ற சமணர். ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்று சேர்ந்த சூரணம் உடம்புக்கு எப்படியோ அப்படி ஆறாறு கருத்துகளால் உள்ளத்துக்கு மருந்து சொல்கிறேன் என்பது நூற்பெயரின் கருத்து. மலையாள நாட்டு ஏலாதி வேறு வழியில் வந்தது. வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹ்ருதயத்தின் சூத்திரஸ்தானத்தில் மருந்துச் சரக்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்திருக்கிறார். அதில் ஏலத்தில் தொடங்கும் கூட்டம் ஏலாதி கணம். கோஷ்டம், சடாமாஞ்சில், தகரம், அகில், தேவதாரு, குங்குமப்பூ என்று இருபத்தைந்துக்கு மேற்பட்ட வாசனைச் சரக்குகள். இது நிறத்தைத் தெளிவாக்கும், அரிப்பையும் பிடகம் என்னும் கொப்புளங்களையும் தடிப்பையும் போக்கும் என்பது அவர் சொல்லும் பயன். கேரளத்து அஷ்டவைத்தியர் குடும்பங்களில் இந்த நூலை மனப்பாடம் செய்தே வைத்தியம் தொடங்குவார்கள். அதனால்தான் இங்கே ஏலாதி என்றால் தோலுக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். வடக்கே நாம் 'பரு' என்கிறோம். இங்கே மலையாளத்தில் 'முகக்குரு'. புதிதாக வந்த காலத்தில் அது வேற்றுமொழிச் சொல் என்றே நினைத்தேன். கோடைக்காலத்தில் முதுகில் வருவதை நாம் என்ன சொல்கிறோம்? வேர்க்குரு! அந்தக் குருவும் இந்தக் குருவும் ஒன்றுதான். நாம் முதுகில் மட்டும் வைத்துக்கொண்ட சொல்லை அவர்கள் முகத்திலும் வைத்திருக்கிறார்கள். பருவத்தில் வருவதால் பரு என்று பேர் வந்தது என்று சிலர் சாதுரியமாகச் சொல்லுவார்கள். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் சொற்பிறப்பு அப்படி இல்லை. பருத்து எழுவதால் பரு என்பதே பொருந்தும்.

பருவத்துக்கும் பருவுக்கும் உள்ள தொடர்பை மட்டும் முன்னோர் நன்றாகவே கண்டிருக்கிறார்கள். சுசுருத சம்ஹிதையில் சிறு நோய்கள் என்னும் வரிசையில் 'முகதூஷிகா' என்று ஒன்று வருகிறது. முகத்தைக் கெடுப்பது என்று பொருள். இளைஞர்களுக்கு வருவது, இலவமரத்து முள்ளைப் போன்றது, கபமும் வாதமும் இரத்தமும் கெட்டு வருவது என்கிறார் ஆசிரியர். இலவமரத்தின் அடியில் நின்று அந்த முள்ளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் துல்லியம் தெரியும்: அடி அகன்று, மேலே கூம்பி, மரப்பட்டையோடு ஒட்டியே வளர்ந்திருக்கும். பிய்த்தால் பட்டையில் வடு விழும். பருவைக் கிள்ளாதே என்று பாட்டிமார் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மருந்தாக அவர் சொல்வதில் வாந்தி செய்விப்பதை விட்டுவிடுவோம், இன்று யாரும் செய்யமாட்டார்கள். மேற்பூச்சுக்கு வசம்பு, வெள்ளிலோத்திரப்பட்டை, இந்துப்பு, கடுகு சேர்ந்த ஒரு லேபமும், கொத்தமல்லி, வசம்பு, லோத்திரம், கோஷ்டம் சேர்ந்த இன்னொன்றும் சொல்லப்படுகின்றன. இந்த இரண்டாவது சீட்டு இன்றைக்கும் என் கடைக்கு வருகிறது. இரண்டாயிரம் ஆண்டு வயதுள்ள சீட்டுக்குச் சரக்கு நிறுத்துக் கொடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு பூச்சிலும் எண்ணெய் இல்லை. காய்ந்த சரக்குகளை அரைத்துப் பூசிக் கழுவுவதுதான். இது பின்னால் வேண்டியிருக்கும்.

இங்கே ஒரு சமணனின் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏலாதி கணத்தில் 'சுக்தி' என்று வருவது சிப்பி. முகத்துக்குப் புகழ்பெற்ற குங்குமாதி தைலத்தில் அரக்கும் ஆட்டுப்பாலும் உண்டு. அரக்கு பூச்சியின் உழைப்பு மட்டுமில்லை, அதன் உயிரும் சேர்ந்ததே. எங்கள் ஊர்ப் பக்கம் பருவுக்குச் சங்கை உரைத்துப் போடுவார்கள், எங்கள் வீட்டில் அது கூடாது. அதற்குப் பதில் சந்தனமும் சாதிக்காயும் உரைப்பார்கள், இல்லையென்றால் திருநீற்றுப்பச்சிலைச் சாற்றில் வசம்புப் பொடி குழைப்பார்கள். இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் உக்ராதித்யர் என்ற சமண ஆசாரியர் 'கல்யாணகாரகம்' என்று ஒரு மருத்துவ நூலே இயற்றினார். ஊன், கள், தேன் மூன்றையும் நீக்கி முழு வைத்தியத்தையும் சொல்ல முடியும் என்று காட்டிய நூல் அது. ஒரு உயிரின் நோய் தீர இன்னொரு உயிரின் நோவு வேண்டுமா என்ற அவருடைய கேள்வி, இந்த முகப்பருவின் வரலாற்றிலேயே பின்னால் ஒரு இடத்தில் எனக்குத் திரும்ப நினைவுக்கு வந்தது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

நூல்களை விட்டு வீட்டுக்குள் போவோம். ஆணுக்குப் புதன், சனி. பெண்ணுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய்க் குளியல் நடந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். எண்ணெய் தேய்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி அதை எடுப்பது. தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பயத்தம்மாவு, கலியாணப் பெண்ணுக்கு நலங்கு மாவு. இங்கே மலையாள வீடுகளில் செறுபயறுப் பொடி, தலைக்குத் தாளி, தேய்த்துக் குளிக்க இஞ்சப்பட்டை. அந்த மரப்பட்டையை நார் நாராக இடித்து வைத்திருப்பதை நம்மில் புதிதாக வந்தவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். பொருள் வேறு, முறை ஒன்று: போட்ட எண்ணெயை அன்றைக்கே பொடி வாங்கிவிட வேண்டும். எண்ணெயும் பொடியும் கணவன் மனைவி மாதிரி, ஒன்று மட்டும் வீட்டுக்கு வந்தால் குடும்பம் நடக்காது.

பொடி என்றதும் கஸ்தூரி மஞ்சளைச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டு வாங்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் உண்மையான கஸ்தூரி மஞ்சளைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது சந்தேகமே. அதன் கிழங்கை உடைத்தால் உள்ளே பளிச்சென்ற மஞ்சள் இருக்காது. வெளிறிய சந்தன நிறம், கற்பூரம் கலந்த வாசனை. கடைகளில் நல்ல மஞ்சளாகத் தருவது பெரும்பாலும் மஞ்சக்கூவை என்ற வேறு கிழங்கு. நல்ல சரக்கைக் காட்டினால் "இதுல நிறமே இல்லையே அண்ணாச்சி, பழசா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். வியாபாரியாக இதில் நான் நிறையத் தோற்றிருக்கிறேன்.

இந்த எண்ணெய்-பொடிக் குடும்பம் எப்போது பிரிந்தது? சோப்பு வந்தபோது என்று நான் கருதுகிறேன். மலபாரில் அரசாங்கமே சோப்புக்கு வழிகாட்டியது. பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியில் தொடங்கிய தொழிற்கூடம் 1914-இல் கோழிக்கோட்டில் நிலைபெற்றது. தேங்காய் எண்ணெய் மலிந்த நாட்டில் சோப்புக்கு மூலப்பொருள் தேட வேண்டியதில்லை. 1940-இல் இரிஞ்ஞாலக்குடையில் சி.ஆர். கேசவன் வைத்தியர் சந்திரிகா சோப்பைத் தொடங்கினார். 1969-இல் சென்னையில் ரயில்வே மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தொழிலாளிகளின் தோல் உபாதைகளைக் கண்டு மெடிமிக்ஸ் சோப்பைச் செய்தார். அவர் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குப் பிழைக்கப் போனவர். நான் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு வந்தவன். அவர் சோப்பு என் கடையில் விற்கிறது, என் பொடி அவர் ஊரில் விற்கவில்லை! இருக்கட்டும். சோப்பு வந்ததால் ஊர் சுத்தமானது, சிரங்கும் சொறியும் குறைந்தன, அதில் ஐயமில்லை. ஆனால் முகத்துத் தோல் இயல்பில் சற்றுப் புளிப்புத் தன்மை உடையது, சோப்போ காரம். ஒரு நாளைக்கு நாலு தடவை முகத்துக்குச் சோப்புப் போட்டால் தோல் வறண்டு எரியும், பரு மருந்தையும் தாங்காது. பயத்தம்மாவு மென்மையாக எடுத்ததைச் சோப்பு முரட்டுத்தனமாக எடுக்கிறது.

பொடி போனாலும் எண்ணெய் மட்டும் நின்றது. இந்தத் தென்திருவிதாங்கூர் நாட்டில் தேங்காய் எண்ணெய் தேய்க்காத தலை ஏது? காலையில் பிள்ளைகளுக்கு வழிய வழிய எண்ணெய் வைத்துச் சடை பின்னி அனுப்புகிறோம். வெயிலில் அது நெற்றிக்கு இறங்குகிறது. நெற்றியிலும் கன்னத்து ஓரத்திலும் பொடிப்பொடியாகப் பரு. அமெரிக்காவில் தலைக்குப் பூசும் பசைகளால் நெற்றியில் வரும் இதே வகைப் பருவை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற பிலடெல்பியா மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1970-இல் எழுதினார்கள். 1972-இல் முகப்பூச்சுப் பொருள்களால் வரும் பருவைப் பற்றித் தனியே எழுதினார்கள். எந்த எண்ணெய் துவாரத்தை அடைக்கும் என்று எப்படிக் கண்டார்கள் தெரியுமா? முயலின் காதுக்குள் தடவிப் பார்த்தார்கள். அந்தச் சோதனை வழியில் தேங்காய் எண்ணெயும் கோகோ வெண்ணெயும் அடைக்கும் பொருள்களின் வரிசையில் வந்தன. முயல் காதும் மனிதர் முகமும் ஒன்றல்ல என்று பின்னால் வந்தவர்கள் அந்த வரிசையைத் திருத்திக்கொண்டார்கள். என்றாலும் பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்பதே தோல் மருத்துவர்கள் சொல்வது.

இந்த இடத்தில்தான் எனக்கு உக்ராதித்யர் நினைவு வந்தது. முயலோடு நிற்கவில்லை. வைட்டமின் ஏ-யிலிருந்து வந்த ஓர் அமிலத்தை முகத்தில் தடவினால் அடைத்த துவாரங்கள் திறக்கும் என்று கிளிக்மன் குழுவினர் 1969-இல் வெளியிட்டார்கள். ட்ரெடினாயின் என்று பெயர். பரு மருத்துவத்தில் அது ஒரு திருப்பம். இன்றைக்கு மருத்துவர் எழுதித் தரும் அடாபலீன் அதன் தங்கை. அதே கிளிக்மன், ஹோம்ஸ்பர்க் என்ற சிறையில் அடைபட்டவர்கள் மேல் இருபது ஆண்டுக்கு மேலாக, 1974 வரை, தோல் சோதனைகள் நடத்தினார். அந்த மருந்தும் அங்கே சோதிக்கப்பட்டது. கைதிகளின் முதுகும் முயலின் காதும் இல்லாமல் இந்த அறிவு வந்திருக்கக்கூடாதா? வந்திருக்கும், தாமதமாக வந்திருக்கும் என்றே என் மனம் சொல்கிறது. ஆனாலும் வந்த மருந்தை வேண்டாம் என்று நான் என் பேத்திக்குச் சொல்ல மாட்டேன். இந்த முரண்பாட்டை என்னால் தீர்க்க முடியவில்லை, அப்படியே வைக்கிறேன்.

பரு என்றால் என்ன என்று இன்றைய மருத்துவம் சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலில் முடி முளைக்கும் துவாரத்தின் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் சுரப்பு நீர்கள் ஏறும்போது, பெண்பிள்ளைக்கும் சரி ஆண்பிள்ளைக்கும் சரி, எண்ணெய் அதிகமாகிறது. துவாரத்தின் வாயில் செத்த தோல் அடைத்துக்கொள்கிறது. எப்போதும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர் அந்த அடைப்புக்குள் பெருகுகிறது. வீக்கம், சீழ், வடு. கருமுள்ளின் கருப்பு அழுக்கு இல்லை. அடைப்பு காற்றுப்பட்டுக் கறுத்தது. ஆகவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் போகாது. "சுத்தமில்லாத பிள்ளை" என்று வீட்டில் திட்டுவது அநியாயம். கபம், வாதம், இரத்தம் என்று சுசுருதர் மூன்று காரணம் சொன்னார். இவர்கள் எண்ணெய், அடைப்பு, கிருமி, வீக்கம் என்று நான்கு சொல்கிறார்கள். இரண்டையும் பொருத்திக்காட்டி அன்றே சொன்னார்கள் என்று மார்தட்டும் கட்டுரைகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த வேலை எனக்கு ஒவ்வாது. யாருக்கு வரும், எப்படி இருக்கும் என்று அவர் கண்ணால் கண்டது சரி. அந்தப் பெருமை போதும்.

இப்போது எழுதத் தயங்கிய பகுதி. என் மகளின் அனுமதியோடு எழுதுகிறேன்.

2004-இல் அவள் பிளஸ் ஒன் படித்தாள். முகம் முழுக்கப் பரு. நான் லோத்திரமும் கொத்தமல்லியும் அரைத்துக் கொடுத்தேன். மூன்று வாரம் போட்டாள், பெரிய மாற்றமில்லை. "அப்பா, உங்க பொடி நாறுது" என்று நிறுத்திவிட்டாள். பக்கத்து ஊர் மருந்துக்கடை ஒன்றில் சொன்னதும் கேட்டதும் இல்லாமல் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்தவன் நான்தான். ஒரே வாரத்தில் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. என் தாத்தா காலத்திலிருந்து நாட்டு மருந்து விற்கும் குடும்பம் எங்களுடையது. அந்த டியூபைப் பார்த்து எனக்கு வெட்கமாகவே இருந்தது. தீரத்தீர வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் போடாவிட்டால் முகம் சிவந்து எரியும், பரு முன்னைவிட அதிகமாக வரும், மறுபடி போட்டால் அடங்கும். எட்டு மாதம் இப்படி. கடைசியில் போட்டாலும் அடங்கவில்லை. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள், மேலுதட்டில் பூனைமுடி. பள்ளிக் கலோத்சவத்தில் ஆட வேண்டியவள் அறையைவிட்டு வரவில்லை. வீட்டுக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தாள். திருவனந்தபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யார் எழுதித் தந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மகள்தான், "யாரும் எழுதலை டாக்டர், சும்மா வாங்கினோம்" என்றாள். சரியாவதற்கு இரண்டு ஆண்டு ஆயிற்று. நரம்பு இன்னும் இலேசாகத் தெரியும்.

அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு. 1952-இல் தோலில் பூசும் ஹைட்ரோகார்ட்டிசோன் வந்தது. கரப்பான் முதலிய பல தோல் நோய்களுக்கு அது ஒரு வரம். சிவப்பையும் வீக்கத்தையும் சட்டென்று அடக்கும். பருவின் மேலும் அடக்கும், ஆனால் காரணத்தைத் தொடாது. தோலை மெல்லியதாக்கி, தானே புதுப் பருவையும் எழுப்பும். என் மகள் தனியாள் இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. 2011-இல் இந்தியாவின் 12 மருத்துவ மையங்களின் தோல் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகத் தோல் உபாதைக்கு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் 104 பேர் பருவுக்காகப் பூசியவர்கள், 126 பேர் வெளுப்பாக வேண்டும் என்றோ முகம் மழித்த பிறகோ பூசியவர்கள். இதற்கு ஒரு சட்ட ஓட்டையும் காரணம்: பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயமாக இருக்கவில்லை. தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டு போராடி, 2018-இல்தான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளைச் சீட்டு வேண்டிய எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. கடைக்காரர் மனசு மட்டும் கடைக்குக் கடை வேறு.

அதற்குப் பிறகும் ஓய்ந்துவிடவில்லை. 2023-இல் மலப்புறம் பக்கம் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்து, காரணம் தேடிப் போனால் முகத்துக்குப் பூசிய வெளுப்புக் களிம்பில் பாதரசம். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று சோதனைகளில் இறங்கியது. தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லாத களிம்பு எதையும் முகத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

மகளோடு அலைந்த அந்த இரண்டு ஆண்டில் நான் கற்றுக்கொண்டதை நம் குடும்பங்களுக்காக எழுதுகிறேன், மருத்துவருக்குப் பதிலாக இல்லை. காலையும் இரவுமாக இரண்டு தடவை மென்மையான ஒன்றால் முகம் கழுவினால் போதும், வியர்த்தால் இன்னொரு தடவை வெறும் தண்ணீர். பயத்தம்மாவு நல்லதுதான், நைசாகச் சலித்திருக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. வறண்டால் எண்ணெய்ப் பசையில்லாத ஈரப்பூச்சு. வெளியே போகும்போது வெயிலுக்கான பூச்சு, ஏனென்றால் நம் நிறத்துத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், வெயில் அதை இன்னும் கறுப்பாக்கும். தலைக்கு எண்ணெய் வைப்பதானால் இரவில் வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள், நெற்றிக்கு இறங்க விடவேண்டாம். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். இலேசான பருவுக்கு மருத்துவர்கள் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் அளவிலோ, இரவில் அடாபலீனோ எழுதுவார்கள். முதல் மாதம் கொஞ்சம் எரியும், உரியும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்தால்தான் பலன் தெரியும். பருவின் மேல் மட்டும் புள்ளி வைக்காமல், பரு வரும் இடம் முழுதும் மெல்லியதாகப் பூசச் சொல்கிறார்கள், ஏனென்றால் அடுத்த மாதம் வரப்போகும் பரு இன்றைக்கே தோலுக்குள் தொடங்கிவிட்டது. கருவுற்றவர்களும் கருவுற எண்ணியிருப்பவர்களும் வைட்டமின் ஏ வழி மருந்துகள் பக்கமே போகக்கூடாது. அதில் உள்ளே சாப்பிடும் ஐசோட்ரெடினாயின் கருவுக்குக் கேடு செய்யும் என்பது உறுதி. ஆழமாக வலிக்கும் பரு, வடு விழும் பரு, பெண்பிள்ளைக்கு மாதவிலக்குத் தவறுவதோடு வரும் பரு இவற்றுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

எட்டு வாரம் என்ற கணக்கைக் கேட்டபோது எனக்கு ஒரு தெளிவு வந்தது. நான் அரைத்துக் கொடுத்த பொடியை மூன்று வாரத்தில் பலனில்லை என்று தள்ளினோம். அது எட்டு வாரம் போட்டிருந்தால் குணமாகியிருக்கும் என்று சொல்லவரவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் நல்ல மருந்தோ சுமாரான மருந்தோ, எதற்கும் நாங்கள் அந்த அவகாசத்தைத் தரவில்லை. ஏழே நாளில் பலன் காட்டியது அந்த ஒன்றுதான், கெடுத்ததும் அதுதான்.

இரண்டு ஏலாதிக்குத் திரும்புகிறேன். இன்று ஏலாதி பெரும்பாலும் எண்ணெயாக விற்கிறது. சகஸ்ரயோகத்தில் ஏலாதி கேரம் என்று வருவது தேங்காய் எண்ணெயில் காய்ச்சியது. 1902-இல் கோட்டக்கல்லில் பி.எஸ். வாரியர் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கிய காலத்திலிருந்து, வீட்டில் வைத்தியர் சொல்படி காய்ச்சிக்கொண்டவை படிப்படியாகக் குப்பியில் கிடைக்கத் தொடங்கின. குப்பி வந்ததும் யாருக்கு எது என்று பார்த்துச் சொல்ல வைத்தியர் பக்கத்தில் இல்லை. எண்ணெய் அரிக்கும் தோலுக்கு, வறண்ட தோலுக்கு, குழந்தைக்கு; எண்ணெய் வழியும் முகத்துக்குப் பொடியை மோரிலோ தண்ணீரிலோ குழைத்துப் போட்டுக் கழுவ வேண்டும் என்று நெய்யாற்றின்கரைப் பக்கத்து வயதான வைத்தியர் ஒருவர் எனக்குப் பல ஆண்டுக்கு முன் சொன்னார். சுசுருதர் பூச்சில் எண்ணெய் இல்லை என்று மேலே எழுதினேனே, அதை அவர் நூல் பார்க்காமலே சொன்னார்.

போன மாதம் ஒரு பள்ளிப் பையன் வந்து, "அண்ணாச்சி, முகக்குருவுக்கு ஏலாதி வெளிச்செண்ணெய் ஒரு குப்பி" என்றான். தலையில் எண்ணெய் பளபளத்தது, நெற்றி நிறைய முள். குப்பி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "எண்ணெய் வேண்டாம், தம்பி. பொடி தர்றேன், தண்ணியில குழைச்சுப் போட்டு அஞ்சு நிமிஷத்துல கழுவு, எரிஞ்சா விட்டுடு. இதால ஒண்ணும் ஆகலேன்னா உங்கம்மாவைக் கூட்டிக்கிட்டு காரக்கோணம் ஆஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாரு. மருந்துக்கடையில டியூப் மட்டும் கேட்டு வாங்காதே" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நூறு ரூபாய்க் குப்பியை விற்காமல் பத்து ரூபாய்ப் பொடியைக் கொடுக்கிற கடைக்காரனை அவன் பார்த்திருக்கமாட்டான். பொடிப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது நாறாதே?" என்று கேட்டான். கொஞ்சம் நாறும் என்றேன்.